காலி டிரக்குக்கு 87, இழுவைக்கு 93

டெக்சஸ் தமிழர்களிடையே பிக்கப் டிரக் வைத்திருப்பவன் பாதி பொதுச்சொத்து. யாராவது வீடு மாறினால் சோபா ஏற்ற அழைப்பார்கள். பொங்கல் விழா வந்தால் அண்டா, கரும்புக்கட்டு, மேடைப் பலகை எல்லாம் என் வண்டியின் பின்னால்தான் ஏறும். குளிர் விட்டதும் கத்தரிக்கும் வெண்டைக்கும் பாத்தி கட்டுகிறவர்கள் மண் மூட்டைக்காக வருவார்கள். உதவிக்கு நன்றியாக ஒரு டப்பா எலுமிச்சைச் சாதம் கிடைக்கும். கூடவே, பெட்ரோல் போடும் இடத்தில் ஓர் அறிவுரையும் கிடைக்கும்: “அண்ணா, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குப் போய் 87 போடுகிறீர்களே, மனசு வருகிறதா?”

நன்றாகவே வருகிறது. என்னுடையது ஃபோர்டு எஃப்-150. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின். வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மலிவான 87 ஆக்டேன்தான். சில நாட்களில் மட்டும் கேலனுக்கு எண்பது சென்ட் கூடுதலாகக் கொடுத்து, பிரீமியம் எனப்படும் 93 போடுகிறேன். அந்தக் கூடுதல் காசு எனக்கு உறுத்துவதே இல்லை. கேட்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கிறது. வண்டிக்கு நல்லதென்றால் எப்போதும் போட வேண்டும், இல்லையென்றால் ஒருபோதும் போடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு வண்டி என்ன வேலை செய்யப்போகிறது என்பது என் கணக்கு.

ஆக்டேன் எண்ணுக்கும் பெட்ரோலில் அடங்கிய சக்திக்கும் தொடர்பில்லை. ஒரு கேலன் 93-ஐ எரித்தால் 87-ஐவிட அதிக வெப்பம் வந்துவிடாது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நசுக்கப்படும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே அவசரப்பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1920-களில் இதை அளக்க இரண்டு பொருள்களை எல்லையாக வைத்தார்கள். எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம், பிடிவாதமாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு நூறு. 87 என்றால், 87 பங்கு ஐசோ-ஆக்டேனும் 13 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கே 87 என்ற எண்ணைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலே 91 ஆக இருந்ததே என்பார்கள். அளவுகோல் வேறு. இந்தியாவில் எழுதுவது ஆராய்ச்சி முறை ஆக்டேன் எண் மட்டும். அமெரிக்கப் பெட்ரோல் பங்கின் மஞ்சள் வில்லையில் இருப்பது ஆராய்ச்சி முறை, மோட்டார் முறை இரண்டின் சராசரி. மோட்டார் முறை கடுமையானது. அதில் எண் குறைந்தே வரும். ஆகவே அங்கே 91 எனப்பட்டதும் இங்கே 87 எனப்படுவதும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

ஒழுங்காக எரியும் சிலிண்டரில் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ வரிசையாகப் பரவுகிறது. ஒரு முனையில் கொளுத்திய சரவெடி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துப் போவதுபோல. தீ வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை, அழுத்தம் தாங்காமல் மொத்தமாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை வரும். பிஸ்டனின் தலையில் அடி விழுகிறது. கொஞ்ச நேரத்துக்குப் பாதகமில்லை. பாரத்தோடு நெடுநேரம் நீடித்தால் பிஸ்டன் உடையும்.

இந்தத் தட்டலை அடக்கத்தான் 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஈயத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். டெட்ரா எத்தில் ஈயம் துளி சேர்த்தால் போதும், ஆக்டேன் ஏறிவிடும். 1923-இல் ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. அடுத்த ஆண்டே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தார்கள். அப்படியும் ஏறக்குறைய நூறு ஆண்டு உலகம் அதை மூச்சில் இழுத்தது. அமெரிக்கச் சாலைகளில் 1996-இல்தான் முழுத் தடை வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். இன்று அந்த வேலையின் ஒரு பகுதியை எத்தனால் செய்கிறது. இங்கே பம்பில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் வரை எத்தனால்தான். ஆக்டேன் கூடும், மைலேஜ் மூன்று சதவீதம் அளவுக்குக் குறையும். எரிபொருள் உலகில் எதுவும் இலவசமாக வருவதில்லை.

என் மாமனார் எழுபதுகளில் கோயம்புத்தூரில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது வண்டி தட்ட ஆரம்பித்தால், ஓரமாக நிறுத்தி, பொறி விழும் நேரத்தை அமைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி ஒரு நூல் அளவு திருப்பிவிடுவாராம். பொறி சற்றுத் தாமதமாக விழும். தட்டல் நின்றுவிடும், இழுவையும் கொஞ்சம் போய்விடும். ஊட்டியில் இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்குத் திருப்புவார். போன வருடம் இங்கே வந்திருந்தபோது என் டிரக்கின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். “இதில் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே மாப்பிள்ளை?” என்றார். இல்லை மாமா, இன்ஜின் பிளாக்கில் ஓர் உணரி இருக்கிறது, தட்டல் தொடங்கும்போதே அது கண்டுபிடித்துவிடும், கணினி பொறியைத் தாமதப்படுத்திவிடும் என்றேன். “அப்படியானால் இழுவை குறையுமே” என்றார் உடனே. அரை நிமிடத்தில் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டார். பிரீமியம் போடச் சொல்லி எனக்கு அறிவுரை தந்தவர்களில் ஒருவர்கூட அந்த இடத்துக்கு வந்ததில்லை.

குறையும்தான். நவீன டிரக்கில் 87 போட்டால் இன்ஜின் கெட்டுவிடாது, கணினி காப்பாற்றிவிடும். காப்பாற்றும் விலை, இழுவையில் ஒரு பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். இங்கே கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

செவ்ரலே சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினுக்கு 87 போதும் என்று எழுதியிருக்கிறது. அதே டிரக்கின் 6.2 லிட்டர் வி8-க்குப் பிரீமியம் பரிந்துரை; 87-உம் போடலாம், ஆனால் வேகம் எடுப்பதும் மைலேஜும் குறையும் என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. அதன் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, 11.5. ராம் நிறுவன டிரக்கின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜின் நடுவில் நிற்கிறது: 89 நல்லது, 87 பரவாயில்லை. டொயோட்டா டன்ட்ராவின் இரட்டை டர்போ வி6, டர்போ இருந்தும் 87-இலேயே ஓடுகிறது. ஆச்சரியம் ஃபோர்டின் 5 லிட்டர் வி8-தான். அழுத்த விகிதம் 12. நாற்பது ஆண்டுக்கு முன் இந்த எண்ணைச் சொன்னால் பந்தயக் கார் என்று நினைத்திருப்பார்கள். இன்று அது 87-இல் ஓடும் வேலைக்காரன். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்போது அது ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த கலவை அவ்வளவு எளிதில் தானாகப் பற்றாது. அதுவும் ஒரு காரணம்.

என் வண்டியின் கையேடு இரண்டு வாய் பேசுகிறது. 87 போடலாம் என்கிறது. சிறந்த செயல்திறனுக்கு 91 அல்லது அதற்கு மேல் என்கிறது. வெயில் காலத்திலும் ட்ரெய்லர் இழுக்கும்போதும் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்றும் சொல்கிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 400 குதிரைத்திறன் பிரீமியம் பெட்ரோலில் அளந்தது; அதைப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகத் தருகிறார்கள். அதாவது, ஷோரூமில் காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில, 87 போடும் நாளில் லாயத்திலேயே இருந்துவிடுகின்றன. எனக்கு அதில் கோபமில்லை. அலுவலகத்துக்கு நெடுஞ்சாலையில் நாற்பது மைல் போக நானூறு குதிரை எதற்கு?

சோதனை முடிவுகளும் இதையேதான் சொல்கின்றன. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ 2016-இல், 87 போதும் என்று எழுதப்பட்ட வண்டிகளில் பிரீமியம் ஊற்றிப் பார்த்தது. அதில் டன்ட்ராவும் ஒன்று. குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. தேவையில்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரே ஆண்டில் 210 கோடி டாலர் வீணாக்குகிறார்கள் என்று கணக்கும் சொன்னது. அடுத்த ஆண்டு, பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளை எடுத்துக்கொண்டது. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் சக்தி 1.4 சதவீதமும் கூடின. சராசரி ஒரு பொய்யன். அதற்குள்ளே கெடிலாக் எஸ்கலேடு 7.1 சதவீதம் மைலேஜ் கூட்டிக் காட்டியது. எஸ்கலேடில் இருப்பது மேலே சொன்ன டிரக்கின் அதே 6.2 லிட்டர் வகை இன்ஜின். பின்னர் ஒரு கார் இதழ் 3.5 ஈகோபூஸ்ட் எஃப்-150-ஐ 87-இலும் 93-இலும் ஓட்டி அளந்தபோது, நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் எட்டுவதில் 93 அரை விநாடிக்கு மேல் முந்தியது. இன்ஜினுக்கு அது பெரிய வித்தியாசம். பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகிற எனக்கு அது ஒன்றுமேயில்லை.

காசுக் கணக்கைப் பார்க்கலாம். 87 கேலன் மூன்று டாலர், 93 மூன்று டாலர் எண்பது சென்ட் என்று வையுங்கள். வருடம் 12,000 மைல், கேலனுக்கு 17 மைல். 87-க்கு ஏறத்தாழ 2,118 டாலர். 93 போட்டு மைலேஜ் 17.5 ஆகக் கூடினாலும் 2,600 டாலரைத் தாண்டும். வித்தியாசம் ஐந்நூறு டாலருக்கு நெருக்கம். மைலேஜ் கூடி அந்தக் காசு திரும்ப வர வேண்டுமானால் 27 சதவீதம் கூட வேண்டும். எந்தப் பெட்ரோலும் அதைத் தராது. “பிரீமியம் போட்டால் மைலேஜில் காசு திரும்பிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள் ஒருமுறை காகிதத்தில் வகுத்துப் பார்க்கலாம்.

இனி நான் 93 போடும் நாட்கள். எங்களிடம் ஒரு சிறிய தங்கும் ட்ரெய்லர் இருக்கிறது. சாமான்களோடு ஆறாயிரம் பவுண்டு வரும். கோடை விடுமுறையில் டாலஸிலிருந்து கொலராடோ போவோம். விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ, டால்ஹார்ட், பிறகு நியூமெக்சிகோவின் கிளேட்டன், ரட்டோன். அமரில்லோ வரை நிலம் தட்டையாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். எதிர்க்காற்று வேறு. வெளியே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். டர்போ ஓய்வே இல்லாமல் காற்றை அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்திய காற்று சூடாகும், இன்டர்கூலர் அதை ஓரளவுதான் ஆற்றும். நாக்கிங் வருவதற்கு இதைவிடத் தோதான நிலைமை கிடையாது.

இந்த நிலையில் 87 இருந்தால் நடப்பது ஒரு சங்கிலி. கணினி பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். குறைந்ததை ஈடுகட்ட நான் ஆக்சிலரேட்டரை அழுத்துவேன். கியர் ஒன்று, இரண்டு இறங்கும், இன்ஜின் கத்தும், டர்போ இன்னும் காற்றைத் திணிக்கும், வெப்பம் ஏறும். புகைவெளியேற்றும் பகுதியின் சூட்டைத் தணிக்கக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் சரியும். 93 இருந்தால் சங்கிலியின் முதல் கண்ணியே அறுபடுகிறது. பத்து கியர் பெட்டி மேல் கியரிலேயே அதிக நேரம் நிற்கிறது. ரட்டோன் கணவாய் 7,800 அடிக்கு மேல்; அந்த ஏற்றத்தில் இதைக் காதாலேயே கேட்கலாம். என் மனைவிக்கு இன்ஜின் கதை எதிலும் அக்கறை கிடையாது. 93 போட்ட பயணத்தில் பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் அவள் கவனித்திருக்கிறாள்.

கணவாய் தாண்டி டிரினிடாட் ஊரில் இறங்கினால் புதிய சிக்கல். கொலராடோவில் பல பெட்ரோல் பங்குகளில் சாதாரணப் பெட்ரோல் என்பது 85. நடுத்தரம் 87, பிரீமியம் 91. டெக்சஸ்காரர் பழக்கத்தில் முதல் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார். இந்த 85 கார்புரேட்டர் காலத்து மிச்சம். உயரமான இடத்தில் காற்று மெலிவு. சிலிண்டருக்குள் நுழைவதும் குறைவு, அழுத்தமும் குறைவு, ஆகவே ஆக்டேனும் குறைவாக இருக்கலாம் என்ற கணக்கு. பழைய இன்ஜினுக்கு அது சரி. டர்போ இன்ஜினின் வேலையே மெலிந்த காற்றை அழுத்தி, கடல் மட்டத்தில் கிடைக்கும் அளவுக்கு நிரப்புவதுதான். மலை உச்சியிலும் அதன் சிலிண்டருக்குள் டாலஸ்தான் இருக்கிறது. உயரத்துக்கான சலுகை அதற்குக் கிடையாது. டர்போ இல்லாத புதிய வண்டிகளுக்கும் 85-ஐத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதில்லை. கொலராடோவில் குறைந்தபட்சம் நடுப் பொத்தான். ட்ரெய்லர் இருந்தால் 91.

நடுப் பொத்தான் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் நிலத்தடித் தொட்டி இரண்டுதான். 89 என்பது பம்பிலேயே அந்த இரண்டும் கலந்து வருவது. எங்கள் பக்கத்தில் அதன் விலை, கலவை விகிதத்துக்கு நியாயமாக இருக்க வேண்டியதைவிட எப்போதும் தூக்கலாகவே இருக்கிறது. ஹெமி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு பங்கு 87-க்கு ஒரு பங்கு 93 என்று தானே ஊற்றிக்கொள்கிறார். சரியாக 89 வருகிறது. கார்டை இரண்டு முறை தேய்க்க வேண்டும், அவ்வளவே. பொறுமை இருப்பவர்கள் செய்யலாம். எனக்கு இல்லை.

பிரீமியம் இன்ஜினைச் சுத்தமாக்கும் என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. சுத்தம் செய்வது ஆக்டேன் அல்ல, அதில் சேர்க்கும் கழுவு ரசாயனம். 2004-இல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா முதலியவை சேர்ந்து ‘டாப் டியர்’ என்றொரு தரத்தைக் கொண்டுவந்தன. அந்த முத்திரை பெற்ற பங்கில் 87-இலும் அதே தரம் இருந்தாக வேண்டும். முத்திரை இல்லாத பெட்ரோல் வால்வில் சராசரியாக 19 மடங்கு கரி படியவிட்டது என்று டிரிபிள் ஏ சோதனை காட்டியது. ஆகவே சுத்தம்தான் கவலை என்றால் பொத்தானை மாற்ற வேண்டாம், பங்கை மாற்றினால் போதும். நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சும் இன்ஜின்களில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வைத் தொடுவதே இல்லை. எதை ஊற்றினாலும் அந்த வால்வு கழுவப்படாது.

மாற்றிப் போடுவதில் ஒரு நடைமுறை விஷயம் உண்டு. 26 கேலன் தொட்டியில் பாதி 87 கிடக்கும்போது மேலே 93 நிரப்பினால் கிடைப்பது 90. கணினியும் உடனே நம்பிவிடாது. கொஞ்ச தூரம் ஓடித் தட்டல் இல்லை என்று உறுதியான பிறகே பொறியை முன்னுக்குக் கொண்டுவரும். அதனால் ட்ரெய்லரை மாட்டுவதற்கு முந்தைய நாட்களில் தொட்டியை அடிவரை காலியாக விட்டு, 93 நிரப்பி, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டே கிளம்புகிறேன்.

எலுமிச்சைச் சாதம் தந்தவர்களில் ஒருவர் இப்போது தானே டிரக் வாங்கப் போனார். ஒரே கடையில் சில்வராடோவின் 5.3-உம் 6.2-உம் பக்கத்தில் பக்கத்தில். 420 குதிரை என்றதும் அவர் கண் 6.2 மேல் விழுந்தது. வண்டி விலையோடு பத்து வருடப் பிரீமியம் பெட்ரோல் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். 5.3 எடுத்தார். இப்போது ஏரியில் மீன் பிடிக்க ஒரு படகு பார்த்திருக்கிறார். அதை இழுக்கும்போது 93 போட வேண்டுமா என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தார். அந்த இன்ஜினுக்கு 87 போதும், ஏற்றத்தில் தட்டல் கேட்டால் மட்டும் அடுத்த தடவை ஒரு படி மேலே போடுங்கள் என்று பதில் எழுதினேன்.